பக்கெட்டுக்கு வச்ச பொட்டு

செங்கல்பட்டுலர்ந்து கடற்கர வரிக்கும் என் மூக்க அடிச்சிக்க இன்னொரு மூக்கு கெடையாது. காத்து லேசா திரும்பட்டும், கம்பெனியில எந்தக் கொழாய தொறந்து வுட்டிருக்கான், உள்ள இன்னா கொதிச்சிக்கினு கீது, அத்தினியும் மோந்து பாத்தே சொல்லிடுவேன். மெட்ராஸ்லர்ந்து வந்த படிச்ச மேடமே "இந்த அண்ணனோடது மூக்கில்ல, மிஷினு"ன்னு சொல்லிச்சு.

பொய்யி. மேடம் சொன்னது நெஜம், மூக்குதான் பொய்யி. எனுக்கு மூச்சு வுட ரெண்டு ஓட்ட கீது, அதோட செரி. மல்லிப்பூவும் மாட்டு மூத்திரமும் எனுக்கு ஒண்ணுதான். ஒரு நாளு அடுப்புல கொழம்பு தீஞ்சு கரியாயி வூடே பொகஞ்சிக்கினு இருக்க, நான் பக்கத்துல குந்திக்கினு "இன்னாமே, இன்னிக்கு ஒண்ணும் ஆக்கலியா"ன்னு கேட்டேன். என் பொண்டாட்டி கரண்டியோட வந்து என் மூஞ்சியயே பாத்துக்கினு நின்னா. அன்னிக்குதான் எங்க ரெண்டு பேருக்கும் தெரிஞ்சுது, நம்மாளு மூக்கு புட்டுக்கிச்சுன்னு.

எப்பிடி புட்டுக்கிச்சுன்னு ஆராய்ச்சி எல்லாம் தேவையில்ல. கல்யாணமான புதுசுல, தொண்ணூறு வாக்குல, அதே கம்பெனியில காண்ட்ராக்ட்டு கூலியா இருந்தேன். மருந்து செய்யறதுக்கு மூலப்பொருள் காய்ச்சற கம்பெனி. என் வேல டிரம்மு கழுவறது. காலி டிரம்முக்குள்ள தலைய வுட்டு தேய்க்கணும். மொத மாசம் மூக்கு எரிஞ்சுது. அப்பால தண்ணியா ஊத்துச்சு. அப்பால ஒண்ணும் இல்ல, சோக்கா இருந்துச்சு. கூட வேல செஞ்சவன் "மச்சான், பழகிருச்சுடா"ன்னான். நானும் பழகிருச்சுன்னுதான் நெனச்சேன். ஜல்பு புடிச்சா மூக்கு அடைக்கும், வுட்டா தொறந்துக்கும். இது தொறக்கவே இல்ல.

அந்த வேலைய வுட்டுட்டு ஷேர் ஆட்டோ ஓட்ட வந்துட்டேன். டேசன்லர்ந்து கம்பெனி கேட்டு வரிக்கும், கேட்லர்ந்து டேசன் வரிக்கும். மூணாங்கிளாஸோட பள்ளிக்கூடத்துக்கு கும்புடு போட்டவனுக்கு இத வுட இன்னா கெடைக்கும். ஆளுங்கள அள்ளி திணிச்சிக்கினு போவேன். கம்பெனிக்கு பின்பக்கம் ஏரிய ஒட்டி மன போட்டாங்க. அங்க ஒரு சின்ன எடம் வாங்கி வூடு கட்டுனோம். கட்டுனோம்னு சொல்றது சும்மா. நான் ஆட்டோல குந்திக்கினு இருந்தேன், அவதான் கல்லு தூக்குனா, மணலு சலிச்சா, கொத்தனாருக்கு கலவ எடுத்துக் குடுத்தா. சொவத்துல ஒவ்வொரு கல்லு வரிசையிலயும் அவ கைய வச்சி பாத்திருக்கா. இத எதுக்கு சொல்றேன்னா, பின்னால அந்த வூட்ட வுட்டு வான்னு ஊரே சொன்னப்ப அவ ஏன் அசையலன்னு உங்களுக்கு புரியணும்.

ரெண்டாயிரத்துக்கு அப்பால கம்பெனி பெருசாச்சு, பொகப்போக்கி கூட ஒண்ணு மொளைச்சுது. தெருவுல இருக்கறவங்க சாயங்காலமானா ஜன்னல சாத்த ஆரமிச்சாங்க. எனுக்கு ஏன்னே தெரியாது. "கொசுவா?"ன்னு கேப்பேன். அவ இருமுவா. மொதல்ல இருமல். அப்பால இழுப்பு. நெஞ்சுக்குள்ள பூனக்குட்டிய போட்டு மூடி வச்ச மாதிரி கீச்சு கீச்சுன்னு சத்தம் வரும். ராத்திரி படுக்க மாட்டா, சொவத்துல சாஞ்சி குந்திக்கினே தூங்குவா.

செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனேன். டாக்டரம்மா கொழாய வச்சி பாத்துட்டு கேட்டுச்சு: "வெறகு அடுப்பா?"

"கேஸுங்க," ன்னா இவ.

"வீட்டுக்காரர் பீடி குடிப்பாரா?"

இவ என்ன திரும்பிப் பாத்தா. நான் மேல ஃபேன பாத்தேன். அன்னியோட பீடிய வுட்டேன். பீடி போச்சு, இழுப்பு போவல. அடுத்த வாட்டி போனப்ப டாக்டரம்மா எங்க இருக்கீங்கன்னு கேட்டுச்சு. சொன்னோம். பேனாவ கீழ வச்சிட்டு, "அந்த எடத்த விட்டுப் போயிடுங்கம்மா. இல்லன்னா நுரையீரல் திரும்பி வராது,"ன்னு மெதுவா சொல்லிச்சு. வெளிய வந்து பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கினு இருக்கறப்ப இவ சொன்னா:

"நான் எதுக்குய்யா போவணும்? நானா பொக வுடறேன்? வுடறவன் நிறுத்தட்டும்."

அதாங்க கத. அவுளுக்கு மூச்சு வேணும், வூடும் வேணும். ரெண்டும் சேந்து கெடைக்கணும்னா கம்பெனி அந்தக் கருமத்த நிறுத்தணும். வேற வழியே இல்ல.

எங்க தெரு சும்மா இல்ல, கம்ப்ளெய்ண்டு குடுத்துது. எங்க பக்கத்து வூட்ல ஒரு சாரு இருந்தாரு, கல்பாக்கம் அணு மின் நெலையத்துல வேல, சொந்த ஊரு திருநெல்வேலி பக்கம். அவருதான் இங்கிலீஷ்ல எழுதிக் குடுப்பாரு. ஆனா கவர்மெண்டு உத்தியோகம், கையெழுத்து மட்டும் போட மாட்டாரு. "அண்ணாச்சி, நான் பின்னால நிக்கேன், நீங்க முன்னால போங்க,"ம்பாரு. முன்னால நான் போனா இன்னா ஆவும்? கம்ப்ளெய்ண்டு குடுத்து நாலு நாளு கழிச்சி பொல்யூஷன் போர்டு ஆபீசருங்க ஜீப்புல வருவாங்க. மூக்க தூக்கிப் பாப்பாங்க. அதுக்குள்ள நாத்தம் பஸ் புடிச்சி எங்கியோ போயிருக்கும். "வாசனை எதுவும் இல்லியே"ன்னு எழுதிக்கினு போயிடுவாங்க. அவங்க போன மறுநா நாத்தம் மறுபடி வரும். எவிடன்ஸ் கேக்கறாங்க, நாத்தத்துக்கு எவிடன்ஸ எந்தக் கடையில வாங்கறது?

அப்பதான் மெட்ராஸ்லர்ந்து, கம்பெனிப் பொகையால கஷ்டப்படறவங்களுக்கு ஒத்தாச பண்ற சங்கத்து ஆளா, அந்த மேடம் வந்துச்சு. மேடம்னா பெரிய ஆளு இல்ல, சின்னப் பொண்ணு, ஜோல்னா பை. கைல ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டு. பெயிண்டு பக்கெட்டு மாதிரி, மூடி போட்டு, மூடியில ஒரு கொழா. நாங்க எல்லாரும் ஏதோ சோப்புத்தூள் விக்க வந்துக்கீதுன்னு நெனச்சோம்.

அது மூடிய தொறந்து காட்டுச்சு. உள்ள ஒரு பை, பலூன் மாதிரி, ஆனா மொறமொறன்னு. பையோட வாயி கொழாயில மாட்டிக்கினு வெளிய பாக்குது. பக்கெட்டு மூடிய சாத்தி, பக்கத்துல இருக்கற கைப்பம்ப இழுத்தா, பக்கெட்டுல இருக்கற காத்து வெளிய வரும். அந்த எடத்த ரொப்ப பை தானா உப்பும், தெருக்காத்த உள்ள இழுத்துக்கும். பைய மூடி மெட்ராஸ்ல குடுத்தா ஏரோப்ளேன்ல அமெரிக்கா போவும். அங்க மிஷின்ல வுட்டு காத்துல இன்னின்னா வெஷம் இருக்குதுன்னு சொல்லிடுவாங்க.

"அவ்ளோதானா?"ன்னா என் பொண்டாட்டி. அவ மூஞ்சி அன்னிக்கு மலந்து இருந்த மாதிரி அப்பால நான் பாக்கல.

மேடம் கண்டிஷனும் சொல்லிச்சு. பை வெளிநாட்லர்ந்து வரணும், கையில இருக்கறது ரெண்டுதான். நாத்தம் நல்லா தூக்கலா இருக்கறப்பதான் எடுக்கணும். எடுக்கற எடத்துல பீடி சிகரெட்டு கூடாது, அடுப்பு கூடாது, வண்டி பொக கூடாது. எல்லாரும் தலைய ஆட்டுனோம். இவ அத பாட்டு மாதிரி மனப்பாடம் பண்ணிக்கினா. பீடி கூடாது, அடுப்பு கூடாது, வண்டி கூடாது.

நாத்தத்துக்கு பேரு வைக்கவும் சொல்லிக் குடுத்துச்சு. அழுவுன முட்டை, நகப் பாலிஷ், இப்பிடி. எங்க பொம்பளைங்க அதுக்கும் மேல போயிட்டாங்க. "செருப்பு கொளுத்துன நாத்தம்", "ஊறப்போட்டு மறந்த துணி நாத்தம்", ஒருத்தி "எங்க மாமியார் பெட்டிய தொறந்தா வர்ற நாத்தம்"னா. அதயும் மேடம் சிரிக்காம எழுதிக்கிச்சு.

யாரு மொதல்ல மோந்து சொல்றது? எங்க ஆட்டோ ஸ்டாண்டு கம்பெனி கேட்டுக்கு எதுர்லயே கீது. "அண்ணன்தான் சரியான ஆளு"ன்னு மேடம் என் பேர போட்டுடுச்சு. எனுக்கு மூக்கு இல்லன்னு தெருவுல எப்பிடி சொல்றது, மானம் போவும். என் பொண்டாட்டி மட்டும் வாயப் பொத்திக்கினு சிரிக்கிறா. கடசியில ஒரு ஏற்பாடு பண்ணிக்கினோம். பக்கத்துல நின்னுக்கினு அவ மோந்து பாப்பா, என் முதுவுல கிள்ளுவா. மேல கிள்ளுனா முட்டை, நடுவுல கிள்ளுனா பாலிஷ், இடுப்பாண்ட கிள்ளுனா செருப்பு. நான் கண்ண மூடி, மூச்ச இழுத்து, "ம்ம்... செருப்பு"ம்பேன். அதப் பாத்துதான் மேடம் என்ன மிஷினுன்னு சொல்லிச்சு. கல்பாக்கம் சாருக்கு மட்டும் சந்தேகம். ஒரு நாளு டம்ளர்ல மண்ணெண்ண ஊத்தி எடுத்துக்கினு வந்து, "அண்ணாச்சி, இது என்னன்னு சொல்லுங்க பாப்போம்"னாரு. அன்னிக்கு பாத்து இவ ஊர்ல இல்ல. நான் எப்பவும் போல கண்ண மூடி நல்லா மோந்துட்டு, "பாயசத்துல ஏலக்கா கொஞ்சம் கம்மி சாரு"ன்னேன். அவரு ஒண்ணும் சொல்லல. தெருவுக்கு மட்டும் சொல்லிட்டாரு.

அதுக்கப்பால என் வேலய புடுங்கி எங்க வூட்டுக்காரிக்கே குடுத்துட்டாங்க. நியாயம்தான். நாத்தம் வந்தா அவ நெஞ்சுதான் மொதல்ல அடைக்கும், மூக்குக்கு முன்னாடியே. ஆனா அந்த நேரத்துல அவளால கத்த முடியாது. அதனால எவர்சில்வர் டம்ளரால தட்டு மேல தட்டுவா. டங்கு டங்கு டங்குன்னு. தெருவுல இருக்கறவங்க பக்கெட்ட எடுத்துக்கினு ஓடி வரணும். அதான் பேச்சு.

மொத பை வீணாப் போச்சு. எடுத்தோம், பை உப்புச்சு, எல்லாரும் கை தட்டுனோம். மூடிய சரியா திருவல. மறுநா பாத்தா அப்பளம் மாதிரி படுத்துக்கினு இருந்துச்சு. மிச்சம் ஒரே பை. இத வுட்டா எப்ப வரும்னு மேடத்துக்கே தெரியாது. அதனால இனிமே சும்மா தட்டக் கூடாது, தாங்கவே முடியாத நாத்தம் வந்தாதான் எடுக்கணும்னு முடிவாச்சு. இவ காத்துக்கினு இருந்தா. நாத்தம் வரட்டும்னு வேண்டிக்கினு இருந்த பொம்பள ஒலகத்துல அவ ஒருத்திதான்.

ஒண்ண கண்டுபுடிச்சா. லீவு நாள்லதான் அதிகமா வுடறானுங்க. ஆபீஸ் எல்லாம் பூட்டி கெடக்கும், போன் பண்ணா எடுக்க ஆளு இருக்காது, அதான். "அடுத்த லீவு இன்னா?"ன்னு காலண்டர பாத்தா. ஆயுத பூஜ.

ஆயுத பூஜன்னா ஆட்டோக்காரனுக்கு தீவாளிக்கு மேல. வண்டிய கழுவி, வாழக்கன்னு கட்டி, சந்தனம் தெளிச்சி வாசல்ல நிறுத்துனேன். அக்கம்பக்கத்துல அரிவா, சைக்கிளு, தையல் மிஷினு, கொத்தனாரு கரண்டி எல்லாம் கொண்டாந்து என் வண்டி முன்னாடி வச்சாங்க. மொத்தமா ஒரே பூஜையா போட்டுக்கலாம்னு. இவ உள்ள போயி பக்கெட்ட எடுத்துக்கினு வந்தா. மூடியில மஞ்சா தடவி, நடுவுல ஒரு பொட்டு, கொழாய சுத்தி பூ.

"இன்னாமே, பக்கெட்டுக்குமா?"

"ஏன், உன் ஆட்டோ மட்டும்தான் ஆயுதமா? நமக்கு இருக்கற ஆயுதம் இதுதான்யா."

அதுல தப்பு சொல்ல யாருக்கு வாய் வரும்? அரிவா பக்கத்துல பக்கெட்ட வச்சோம். சாம்பிராணி போட்டோம், ஊதுபத்தி ஒரு கட்ட அப்பிடியே கொளுத்துனோம். இவ பெரிய தட்டுல சூடத்த கொட்டி ஏத்தி, வண்டிக்கு காட்டி, அரிவாளுக்கு காட்டி, பக்கெட்டுக்கு மட்டும் மூணு சுத்து கூடவே காட்டுனா. நான் பூசணிக்காய சுத்தி ஒடச்சேன். சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சி வண்டிய ஏத்துனேன். பொரி கடல குடுத்துக்கினு இருக்கறப்ப வந்துச்சு.

எனுக்கு எப்பிடி தெரியும்னா, மத்தவங்க மூஞ்சிய பாத்துதான். ஒருத்தர் பாக்கியில்லாம முந்தானைய, துண்ட எடுத்து மூக்குல வச்சாங்க. பொரி வாங்க கைய நீட்டுனவன் நீட்டுன மாதிரியே இருமுறான். இவ வாசப்படியில குந்திட்டா. நெஞ்சு ஏறி எறங்குது. கையில டம்ளரு இருந்துச்சு. சூடம் காட்டுன தட்டு மேலயே தட்டுனா. டங்கு டங்கு டங்கு.

இதாண்டா நேரம்னு பாஞ்சோம். பக்கெட்டு எதுருலயே கீது, எங்கியும் தேட வேணாம். அப்பவும் இவதான் மூச்சு இழுத்துக்கினே கண்டிஷன் சொல்றா: "பீடி... பீடிய அணைக்கச் சொல்லு... வண்டிய தள்ளி நிறுத்து..." நான் ஸ்டார்ட் பண்ணா பொக வரும்னு வாழக்கன்னோட வண்டிய கையாலயே தள்ளிக்கினு தெருமொன வரிக்கும் போனேன். பாத்தீங்களா எவ்ளோ உஷாருன்னு. ஒருத்தன் ஓடிப்போயி டீக்கட அடுப்புல தண்ணி ஊத்திட்டு வந்தான், கடக்காரன் அவன தொரத்திக்கினு வந்தான். பம்ப இழுத்தோம். பை சும்மா கும்முனு உப்புச்சு. இந்த வாட்டி மூடிய இவ கையாலயே திருவுனா.

எனுக்கு வாசனதான் தெரியாது, கண்ணு நல்லாவே தெரியும். பக்கெட்ட சுத்தி வெள்ளையா பொக நின்னுக்கினு இருந்தத பாத்தேன். எல்லாருந்தான் பாத்தாங்க. ஆனா சாமிப் பொகைய யாரு பொகன்னு நெனச்சா?

மறுநாளும் லீவு, பைய அனுப்ப ஒரு கூரியர் கடையும் தொறக்கல. நானே மேடத்தாண்ட குடுத்துட்டு வரேன்னு செங்கல்பட்டுல எலக்ட்ரிக் ரயில் ஏறுனேன். பைய அட்டப்பெட்டியில வச்சி, பெட்டிய மடியில வச்சிக்கினேன். எதுர்ல ஒரு பெரியவரு.

"இன்னாபா அது, பத்திரமா வச்சிக்கினு இருக்க?"

"காத்துங்க."

"இன்னாது?"

"எங்க தெரு காத்து. அமெரிக்காவுக்கு போவுது."

அவரு பெட்டிய பாத்தாரு, என் மூஞ்சிய பாத்தாரு. அப்பால கேட்டாரு, "வூட்ல உன்ன தனியா அனுப்புறாங்களா?"

ரயிலே சிரிச்சுது, நானும் சிரிச்சேன். எனுக்கு அன்னிக்கு எத வேணா தாங்கிக்கலாம் போல இருந்துச்சு. மடியில இருந்தது என் பொண்டாட்டியோட மூச்சு.

கல்பாக்கம் சாரு பூஜைக்கு குடும்பத்தோட ஊருக்கு போயிருந்தாரு. திரும்பி வந்ததும் நேரா எங்க வூட்டுக்கு வந்தாரு. சந்தோசமா, "எடுத்தாச்சாமே அண்ணாச்சி"ன்னாரு. அப்பிடியே பக்கெட்ட பாத்தாரு. மூல வாக்குல வச்சிருந்தோம், பூவு காஞ்சி தொங்கிக்கினு இருந்துச்சு.

"இந்தப் பொட்டு எப்ப வச்சது?"

"பூஜையன்னிக்கு சாரு."

"சாம்பிள் எடுத்தது?"

"பூஜையன்னிக்குத்தான்."

"எந்த எடத்துல வச்சு?"

"இங்கியே, வாசல்ல. வச்ச எடத்துலயே."

அவரு மூஞ்சி மாறிப்போச்சு. "சூடம் கொளுத்தினீங்களா?"ன்னு கேட்டுட்டு, நாங்க பதில் சொல்றதுக்குள்ள தலையில கைய வச்சிக்கினு கீழயே குந்திட்டாரு. அப்பால அவரு மெதுவா சொன்னாரு, சூடத்துலயும் ஊதுபத்தியிலயும் இருக்கறது எல்லாம் அந்த மிஷின்ல தெரியும், கம்பெனியோட வெஷம் எது, நம்ம பொக எதுன்னு பிரிக்கிறது கஷ்டம்னு. இவ கதவாண்ட நின்னுக்கினு எல்லாத்தையும் கேட்டா.

"சாமிக்கு காட்டுனதுங்க சார்," ன்னா. "அதுவா நம்மள கெடுக்கும்?"

சாரு நெத்திய தடவிக்கினாரு. அவரும் காலையில குளிச்சி நெத்தி நெறைய துன்னூறு பூசறவருதான்.

ரிப்போட்டு வர மாசக்கணக்காச்சு. வந்தப்ப மேடம் சொல்லிச்சு, அதுல இருக்கக் கூடாத வெஷம் நெறைய கீதுதான், ஆனா கல்பாக்கம் சாரு சொன்ன மாதிரியே சூடமும் கீதுன்னு. செங்கல்பட்டுல கூட்டம் போட்டாங்க. மேடையில ஆபீசருங்க, ஒரு பக்கம் கம்பெனி, ஒரு பக்கம் நாங்க. சாரு கடசி வரிசையில, யாருக்கும் தெரியாத மாதிரி. கம்பெனி ஆளு எழுந்தாரு. கத்துவாருன்னு பாத்தேன், அவரு கை எடுத்து கும்புடறாரு. "நாங்களும் சாமி கும்புடறவங்கதான். இவங்க பக்திய நாங்க தப்பு சொல்லல. ஆனா இவங்க கொடுத்த காத்துல இருக்கறது இவங்க கொளுத்துன கற்பூரம், சாம்பிராணி, ஊதுபத்தி. அதுக்கு எங்க கம்பெனி எப்படி பொறுப்பாகும்?" அவ்ளோதான். ஹால்ல இருந்த பாதிப் பேரு சிரிச்சுட்டாங்க. சிரிப்பு வர்ற மாதிரிதான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. நானே வேற தெரு ஆளா இருந்தா சிரிச்சிருப்பேன்.

இவ எழுந்து நின்னா.

"ஐயா, சூடம் வருசத்துல ஒரு நாளு கொளுத்துனேன். நான் தெனமும் இழுக்கறேனே, அது எந்த சூடம்?"

சிரிப்பு நின்னுச்சு. இன்னும் ஏதோ சொல்ல வந்தா, வார்த்த வர்றதுக்குள்ள இருமல் வந்துடுச்சு. வுடாத இருமல். ஒரு ஆபீசரு "தண்ணி குடுங்க, தண்ணி குடுங்க"ன்னாரு. தண்ணி குடுத்தாங்க. "உக்காருங்கம்மா, வேற சாம்பிள் எடுத்துக் குடுங்க, பாக்கலாம்"னாங்க. அடுத்த கேஸுக்கு போயிட்டாங்க. பக்கத்து ஊரு குடிதண்ணி.

வேற பை கெடைக்க மேடமும் அலைஞ்சுது. அதுக்குள்ள கம்பெனிக்காரன் வெவரமாயிட்டான். லீவு நாள்ல வுடறத நிறுத்திட்டு மழ கொட்டறப்ப வுட்டான், மழையில யாரு பக்கெட்ட தூக்கிக்கினு வெளிய வருவா? அப்பால பொகப்போக்கிய ஒசத்திட்டான். நாத்தம் எங்க தலைக்கு மேல போயி ஏரிக்கு அந்தாண்ட ஊர்ல எறங்குச்சு. எங்க தெருவுல சில பேரு செயிச்சிட்டோம்னு சொன்னாங்க. இவ மட்டும் சந்தோசப்படல. "அங்க இருக்கறவங்களுக்கு நெஞ்சு இல்லியா"ன்னா. காத்து மாறுனா இங்கியும் எறங்கும். டாக்டரம்மா சொன்னது நடந்துச்சு. போனது திரும்பி வர்ல. வாசல்லர்ந்து தண்ணிக் கொழா வரிக்கும் நடந்தா நின்னு நின்னு போவா.

கடசியில வூட்ட வுட்டோம். அவளா சொல்லல, நான் கெஞ்சினேன். சாமான ஏத்துறப்ப அவ சொவத்து மேல ஒரு கைய வச்சிக்கினு கொஞ்ச நேரம் நின்னா. நான் கட்டுன கயிறயே மறுபடி அவுத்து அவுத்து கட்டிக்கினு இருந்தேன். கிண்டலு ஒண்ணும் தோணல. எனுக்கு அப்பிடி ஆனது அன்னிக்கு மட்டுந்தான்.

இப்ப புதுப்பட்டினத்துல கீறோம். கடல் காத்து நெஞ்சுக்கு நல்லதுன்னாங்க, நல்லதுதான், ஆனா ஓட்ட விழுந்த பைக்குள்ள எந்தக் காத்த ரொப்பி இன்னா. மூச்சுக்கு ஒரு மிஷின் வாங்கி வச்சிக்கீறோம், கரண்டுல ஓடும். பக்கத்துலயே கல்பாக்கத்துல கரண்டு செய்றாங்க, எங்க தெருவுல அடிக்கடி கரண்டு போவுது. அதுக்கு ஒரு பேட்டரி, ஆட்டோவுக்கு போடறது. அவளால இப்ப கூப்புட முடியாது. அதே எவர்சில்வர் டம்ளரு கட்டிலாண்ட கீது. ஏதாவது வேணும்னா கட்டில் கம்பியில தட்டுவா. மூணு தட்டு, அந்தக் காலத்து மாதிரியே. கிண்டலா நான் "பக்கெட்ட எடுத்துக்கினு வரட்டா"ன்னு கேட்டா கண்ணால சிரிப்பா. அந்த பக்கெட்டு இன்னும் கீது. துணி ஊற வைக்கறேன். பொட்டு மட்டும் போவல, எந்த சோப்புக்கும் போவல.

நான் இப்ப மாமல்லபுரத்துல ஆட்டோ ஓட்டறேன். அவ சிரிக்கணும்னா அங்க நடந்தது எதையாவது சொல்லணும். ஆனா ரொம்ப சிரிக்க வைக்கக் கூடாது, இருமல் வந்துடும். அளவா சிரிக்க வைக்கணும், உப்பு போடற மாதிரி. அவுளுக்கு ரொம்ப புடிச்சது அந்த வெள்ளக்காரம்மா கத. சொல்றேன் கேளுங்க. சிப்பம் சிப்பமா கல்லு செல வாங்கிக்கினு ஒரு வெள்ளக்காரம்மா என் வண்டியில ஏறுச்சு. பாதி வழியில கைப்பையிலர்ந்து சின்ன பாட்டில எடுத்து, என் கையில ரெண்டு சொட்டு தெளிச்சி, மோந்து பாரு, எப்பிடி கீதுன்னு ஜாட காட்டுது. ஒசந்த செண்டு போல. முதுவுல கிள்ள ஆளும் இல்ல. நான் வண்டிய ஓரம் கட்டி, கண்ண மூடி, மூக்க கையாண்ட நல்லா வச்சி, மூச்ச இழுத்து, அந்தம்மாவ பாத்து இன்னா சொன்னேன்னா

இருங்க. டம்ளரு சத்தம்.

ஒரு தட்டுதான் கேட்டுச்சு. இன்னும் ரெண்டு வர்லியே. தோ வந்துட்டேன்மே, வந்துட்டேன்.